நீலக் கொடிவேலி வளர்ப்பு: படிப்பு வட்டத்திற்கு ஒரு பாடம்



சென்ற பாடங்களில் எருக்குழி அமைப்பதையும் தறிக்கூடத்துக் கணக்கு எழுதுவதையும் ஆராய்ந்தோம். இம்முறை ஒரு பூஞ்செடியைப் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். “பருத்தியும் மாவும் தென்னையும் இருக்க, ஓர் அழகுச் செடிக்கு ஏன் இத்தனை இடம்?” என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கான விடை இப்பாடத்தின் நடுவில் வருகிறது. அந்த விடை பணத்தைப் பற்றியது. ஒரு குடும்பத்தின் கடனைப் பற்றியது. ஆகவே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1. பிறந்த நாடும் பெற்ற பெயரும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டு முகப்புகளையும் பள்ளித் தோட்டங்களையும் கவனித்துப் பார்ப்போர் சிலவிடங்களில் ஒரு புதர்ச்செடியைக் காண்பர். வான் வெளுத்த நிறத்தில், ஐந்து இதழ்களுடன், கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். நறுமணம் இராது. பூவின் அடிப்புறத்தைத் தொட்டால் பிசின்போல் கையில் ஒட்டும். சிறுவர் அதைப் பறித்துக் காதில் ஒட்டிக்கொண்டு தோடென்று விளையாடுவதுண்டு. இதுவே நீலக் கொடிவேலி. நீலச் சித்திரமூலம் என்றும் சொல்வர்.

இதன் தாயகம் தென்னாப்பிரிக்காவின் கீழைப் பகுதிகளும் அவற்றை அடுத்த எஸ்வாத்தினி, மொசாம்பிக் நாடுகளுமாகும். அங்கே புதர்க்காடுகளில் பிற மரஞ்செடிகளைப் பற்றிக்கொண்டு படர்ந்து வளர்கிறது. பிரெஞ்சுத் தாவர அறிஞர் லாமார்க் 1786ஆம் ஆண்டில் இதற்கு ‘பிளம்பாகோ ஆரிகுலேட்டா’ என்று பெயரிட்டார். ‘பிளம்பாகோ’ என்பது ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஆரிகுலேட்டா’ என்பதற்குச் சிறு காதுகளை உடையது என்று பொருள். இலைக்காம்பின் அடியில் இரு சிறு காதுமடல் போன்ற பகுதிகள் இருப்பதனால் அப்பெயர் அமைந்தது. பிற்காலத்தில் ‘கேப்பென்சிஸ்’ என்னும் அடைமொழியாலும் இது அறியப்பட்டது. நாற்றுப் பண்ணைகளில் இன்றும் அவ்விரு பெயர்களும் வழங்குகின்றன. இரண்டும் ஒரே செடியே.

இது ஆண்டு முழுவதும் பச்சை மாறாத புதர். தானாக விட்டால் 6 அடி உயரமும் அதற்கும் மேற்பட்ட அகலமும் வளரும். அருகில் மரமோ கம்பிவேலியோ இருந்தால் அதன்மீது சாய்ந்து இன்னும் உயரச் செல்லும். நம் வெப்பத்தைத் தாங்கும். ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் சில வாரம் நீரின்றியும் பிழைக்கும். கோடைக் கடுமையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறி வரும் நம் பகுதிக்கு இக்குணம் ஏற்றதே.

2. மூன்று கொடிவேலிகள்

கொடிவேலி என்ற சொல் நமக்குப் புதியதன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைநிலப் பூக்கள் அடுக்கப்படும் இடத்தில் செங்கொடுவேரியும் இடம்பெறுகிறது. அதனைச் செந்நிறக் கொடிவேலி என்று அறிஞர் கொள்வர். ஆக, நம் மண்ணுக்குரிய கொடிவேலிகளும் உள. அயல்நாட்டிலிருந்து வந்த கொடிவேலியும் உளது. இம்மூன்றையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் தலையாய பகுதி.

முதலாவது, வெண் கொடிவேலி. சித்திரமூலம் என்று நாட்டு மருந்துக் கடைகளில் கேட்பது பெரும்பாலும் இதன் வேரே. பூக்கள் சிறியவை, வெண்மையானவை. அவை நீண்டு மெலிந்த கதிரில் இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

இரண்டாவது, செங்கொடிவேலி. பூக்கள் சிவந்தவை, கதிரோ நீண்டது. வேர்கள் சதைப்பற்றுடன் தடித்திருக்கும். கேரளத்தில் ஆயுர்வேத மருந்துக்காக இதனைப் பயிரிடுகின்றனர்.

மூன்றாவது, நம் பாடத்திற்குரிய நீலக் கொடிவேலி. இதன் பூக்கள் மற்ற இரண்டையும்விடப் பெரியவை; கதிராக நீளாமல், கிளை நுனியில் குறுகிய உருண்டைக் கொத்தாக நெருங்கிப் பூக்கும். இது அழகுக்காகவும் வேலிக்காகவும் வளர்க்கப்படுவது. மருந்துச் சந்தையில் மேற்சொன்ன இரண்டுக்கும் ஈடாகக் கொள்ளப்படுவதன்று.

இங்கே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. நீலக் கொடிவேலியிலேயே வெண்ணிறப் பூப்பூக்கும் தோட்ட வகையொன்று உண்டு. நிறத்தை மட்டும் பார்ப்பவர் அதனை மருந்துக்குரிய வெண் கொடிவேலி என்று எளிதில் ஏமாறுவர். எனவே, நிறத்தைப் பாராமல் பூங்கொத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நீண்ட மெல்லிய கதிரில் சிறு பூக்களாயின் மருந்துச் செடி. குறுகிய உருண்டைக் கொத்தில் பெரிய பூக்களாயின் தோட்டச் செடி. பூவாத நாற்றாயிருப்பின், பூக்கும் தாய்ச்செடியைக் காட்டுமாறு விற்பவரைக் கேட்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம் வாங்கற்க.

3. ஒரு தறிக்குடும்பத்தின் அனுபவம்

இவ்வளவு வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் படிப்பு வட்டத்தில் ஒரு தறிக்குடும்பத்தினர் இருக்கின்றனர். பெயரும் ஊரும் இங்கே வேண்டா. தறியில் வருமானம் குறைந்த காலத்தில், பரம்பரையாக வந்த அரை ஏக்கர் நிலத்தில் ஏதேனும் செய்யலாம் என்று எண்ணினர். அப்போது ஒரு வியாபாரி வந்தார். வண்ண அச்சிட்ட ஒரு தாளைக் காட்டி, “சித்திரமூலம் நடுங்கள், வேரை நாங்களே வந்து நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்றார். நாற்றுக்கு அவர் கேட்ட விலை மிகுதி. வேருக்கு அவர் சொன்ன விலை அதைவிடப் பன்மடங்கு மிகுதி. எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. நகையை அடகு வைத்து நாற்று வாங்கினர்.

செடிகள் நன்றாகவே வளர்ந்தன. வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூத்தன. தெருவில் போவோர் நின்று பார்த்தனர். நம்மில் சிலரும் போய்ப் பார்த்தோம். பூங்கொத்து உருண்டையாக இருப்பதை அன்றே கண்டவர் நம்மிடையே உண்டு. ஆயினும், “நட்டுவிட்டார்கள், இனி எதற்கு அவர்கள் மனத்தை வருத்துவது?” என்று வாய் திறவாதிருந்தோம். ஓராண்டு கழிந்தது. வியாபாரி வரவில்லை, தொலைபேசிக்கும் விடையில்லை. வேரைத் தோண்டி நாட்டு மருந்துக் கடைக்கு எடுத்துச் சென்றபோது, கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், “இது அந்தச் செடி அல்லவே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

அக்குடும்பத்தின் தலைவி பின்னொரு நாள் வட்டக் கூட்டத்தில் எழுந்து, “உங்களில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டாம் தவணை நாற்றையாவது வாங்காமல் இருந்திருப்போமே” என்று கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. கூட்டுறவு என்பது பங்குப் பணம் கட்டுவது மட்டுமன்று. அறிந்ததை அறிந்தபோதே அடுத்தவருக்குச் சொல்வதும் கூட்டுறவே. அன்று மௌனமாயிருந்தது நம் பிழை. அப்பிழைக்கு ஈடாகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

கதையின் பிற்பகுதியையும் சொல்லிவிடுவோம். தோண்டாமல் எஞ்சிய செடிகளை அவர்கள் அழிக்கவில்லை. அவற்றைத் தாய்ச்செடிகளாக வைத்துக் குச்சி வெட்டி, பைகளில் நாற்றாக்கி, அழகுச்செடி என்ற உண்மைப் பெயரிலேயே விற்கத் தொடங்கினர். பெருவருமானம் இல்லை, ஆனால் வட்டி அடைந்தது. இன்று அவ்வம்மையாரே நம் வட்டத்தில் குச்சி நடும் முறையைக் கற்பிக்கிறார். கீழே கூறும் முறைகளுட் பல அவர் கைப்பழக்கத்தால் தேர்ந்தவை.

4. மண்ணும் இடமும்

மலையடிவாரத்துச் செம்மண், மணல் கலந்த செம்மண் ஆகியன இச்செடிக்கு மிக ஏற்றவை. கிழக்கே செல்லச் செல்ல வரும் கரிசல் மண்ணிலும் வளரும். ஆனால் அங்கே நீர் தேங்கவிடலாகாது. கரிசலில் நடுவோர் அரை அடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து அதன்மேல் நடுக. இச்செடி வறட்சியால் சாவதைவிட வேரழுகிச் சாவதே மிகுதி.

வெயில் நிறைய வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் இடமே தக்கது. மாந்தோப்பு நிழலில் நட்டால் கொடிபோல் நீண்டு, இலை மிகுந்து, பூக் குறையும்.

சுண்ணாம்புச் சத்து மிக்க நிலத்தில் இளந்தளிர்கள், நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாக மாறும். இதனை நோயென்று கருதி மருந்து தெளித்தல் வீண்செலவு. இரும்பு, மாங்கனீசு போன்ற நுண்சத்துகளை வேர் எடுக்க முடியாமையே காரணம். மட்கிய தொழுவுரம் தாராளமாக இடுக; மண் பரிசோதனை செய்து, தேவையெனக் கண்டால் மட்டும் நுண்ணூட்டக் கரைசல் தெளிக்க.

5. நாற்று உண்டாக்கும் முறை

விதையாலும், அடியில் கிளைக்கும் பக்கக் கன்றாலும், பதியத்தாலும், குச்சியாலும் இனப்பெருக்கம் செய்யலாம். நமக்குக் குச்சி முறையே எளிது, செலவும் குறைவு.

ஆடி மாதத்தில், பூவில்லாத கிளைகளைத் தெரிந்தெடுக்க. மிக இளந்தளிரும் வேண்டா. முற்றிய மரக்கிளையும் வேண்டா. வளைத்தால் வளைந்து, பின் மெல்ல ஒடியும் நடுத்தரக் கிளையே ஏற்றது. 5 அல்லது 6 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விடுக. இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மட்கிய எரு கலந்த கலவையில் இரண்டு கணு புதையுமாறு ஊன்றுக. வேரூக்கி மாவு கிடைப்பின் தொட்டு நடலாம். கிடையாதாயினும் பெரும்பகுதி பிழைக்கும்.

நட்ட குச்சிகள் கீற்றுப்பந்தலின் நிழலில் இருக்கட்டும். மணல் ஈரமாயிருக்க வேண்டும்; சொதசொதப்பாக இருத்தலாகாது. காலையில் பூவாளியால் ஒருமுறை தெளித்தால் போதும். ஒன்று முதல் இரண்டு மாதத்தில் வேர்விடும். வேர்விட்டதா என்று பிடுங்கிப் பார்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அதனால் மெல்லிய வேர்கள் அறுந்துபோகும். புதுத்தளிர் வருவதே வேர்விட்டதற்கு அடையாளம். அதன்பின் பந்தலின் கீற்றைச் சிறிது சிறிதாக நீக்கி, நாற்றை வெயிலுக்குப் பழக்குக.

பதியம் போட விரும்புவோர், தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, நடுப்பகுதியை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைக்க. வேர்விட்ட பின் தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம். ஒன்றிரண்டு செடி போதுமென்பார்க்கு இம்முறை நன்று.

6. நடவும் கவாத்தும்

நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஆதலால் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நடுவது சிறப்பு. மழைக்காலம் முடியுமுன் செடி வேர்பிடித்துக்கொள்ளும். அடுத்த கோடையை எதிர்கொள்ளும் வலிமையும் பெறும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியெடுத்து, மேல்மண்ணுடன் ஒரு கூடை தொழுவுரம் கலந்து நிரப்புக. வேலியாக நடுவோர் செடிக்குச் செடி இரண்டரை அடி விடலாம். தனிப் புதராக வளர்ப்போர் 5 அடி விடுக. முதலாண்டில் மழையில்லாத வாரங்களில் இருமுறை நீர் விடுக. இரண்டாமாண்டு முதல் கோடையில் பத்து நாட்களுக்கு ஒருமுறை நிறைய நீர் விட்டாலே போதும். சிறுகச் சிறுக நாள்தோறும் ஊற்றுவதைவிட, இடைவிட்டு ஆழ ஊற்றுவதே வேரைக் கீழே செலுத்தும்.

கவாத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். “பூத்துக் குலுங்கும் செடியை வெட்டுவதா?” என்பர். இச்செடி புதிய கிளையில்தான் பூக்கும். பழைய கிளையை வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே காய்ந்த குச்சியும் வெளியே மெலிந்த பூவுமே மிஞ்சும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்து தை மாதத்தில், செடியின் உயரத்தில் பாதியை வெட்டிவிடுக. காய்ந்த கிளைகளை அடியோடு நீக்குக. பின் எருவிட்டு நீர் பாய்ச்சினால் புதுக்கிளை வெடித்துப் பூக்கத் தொடங்கும். பூத்து முடிந்த கொத்துகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் மீண்டும் மீண்டும் பூக்கும்.

7. வேலியாகுமா?

இது முள்ளற்ற செடி. அடர்ந்து வளரும்போது பார்வையை மறைக்கும், தூசியைத் தடுக்கும், கோழியைத் தடுக்கும். ஆனால் மாட்டைத் தடுக்காது. ஆடு கடிக்காது என்று நம்பி இளநாற்றைத் திறந்து விடுதலும் கூடாது. நிலத்திற்குக் காவல் வேண்டுவோர் நம் முன்னோர் கண்ட கிளுவை வேலியையே வெளிப்புறம் நடுக. கிளுவைக் கொம்பை ஊன்றினால் தழைக்கும், முள்ளும் உண்டு. அதன் உட்புறம் மூன்றடி விட்டு நீலக் கொடிவேலியை நட்டால், காவலுக்குக் காவலும் அழகுக்கு அழகும் ஆகும்.

8. எச்சரிக்கை

கொடிவேலி இனங்களின் வேரில் ‘பிளம்பாஜின்’ என்னும் காரமான பொருள் உள்ளது. மருந்துக்குரிய சித்திரமூல வேரைக்கூட வைத்தியர் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பின்னரே பயன்படுத்துவர். பச்சை வேரை அரைத்துத் தோலில் பூசினால் கொப்புளம் எழும். நீலக் கொடிவேலியின் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் எரிச்சலையும் உண்டாக்கும். கவாத்துச் செய்யும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிக, கண்ணைக் கசக்காதிருக்க, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுக.

இவ்வினத்து வேர்கள் கருவைச் சிதைக்கும் இயல்புடையவை. கருவுற்ற தாய்மார் இதனைக் கைவைத்தியமாக எக்காரணங்கொண்டும் உட்கொள்ளலாகாது. வயலில் வளர்த்தோம், வீட்டில் இருக்கிறது என்பதனால் எந்தச் செடியும் மருந்தாகிவிடாது.

பூச்சித் தொல்லை குறைவே. மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் சில வேளை வரும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் அடங்கும். சிறு பச்சைப் புழுக்கள் மொட்டைத் தின்பதைக் கண்டால் பதற வேண்டா. வரிகள் உடைய ஒரு சிறு நீல வண்ணத்துப்பூச்சி கொடிவேலிச் செடிகளில் முட்டையிடும் வழக்கமுடையது. சில மொட்டுகள் போயினும் செடிக்குக் கேடில்லை. குழந்தைகளுக்கு அது ஒரு பாடம்.

9. நெசவாளர்க்கு ஒரு சொல்

பூவின் நீலத்தைக் கண்டு, “இதைக் கொண்டு நூலுக்குச் சாயமிடலாமா?” என்று நம் நெசவாளத் தோழர்கள் கேட்டதுண்டு. சுந்தரபாண்டியத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேலைக்கு நூல் தோய்த்துப் பழகியோர்க்கு இக்கேள்வி இயல்பானதே. விடை, இயலாது என்பதாம். ஏன் இயலாது என்று அறிவது பயனுடைத்து.

பூவிதழின் நீலம் நீரில் கரையும் நிறமி. வெந்நீரில் இதழ்களை ஊறவைத்து, அச்சாற்றை இரண்டு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீரும் விட்டுப் பாருங்கள். இரண்டிலும் நிறம் வெவ்வேறாக மாறும். புளிப்புக்கும் காரத்திற்கும் இப்படி மாறும் நிறம் வியர்வையிலும் சோப்பிலும் நிலைக்குமா? வெயிலிலும் வெளுத்துப்போகும்.

அவுரி நீலத்தின் இயல்பு வேறு. அவுரியின் நிறம் பூவிலிருந்து வருவதன்று; இலையிலிருந்து வருவது. அந்த நீலம் நீரில் கரையாதது. அதனால்தான் தொட்டியில் புளிக்கவைத்து, கரையும் நிலைக்கு மாற்றி, நூலைத் தோய்த்தெடுத்துக் காற்றில் காட்டுகிறோம். காற்றுப் பட்டவுடன் மீண்டும் கரையாத நீலமாக இழைக்குள்ளேயே மாறி உறைந்துவிடுகிறது. 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் செயற்கை அவுரி நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின் நம் நாட்டு அவுரிச் சாகுபடி சுருங்கியது. ஆனால் இயற்கைச் சாயத்தை விரும்பிக் கேட்போர் இன்றும் உளர். ஆகவே “நீலப்பூச் சாயம்” என்று எவரேனும் ஆசை காட்டினால், மேற்சொன்ன இரு கிண்ணச் சோதனையை அவர் முன்னிலையிலேயே செய்துபார்க்க.

10. வரவும் செலவும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பூவுக்குப் பெயர்பெற்ற ஊர். பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்குச் செல்லும் ஊர். இங்கே பூ என்றவுடன் சந்தை என்று நினைப்பது இயற்கை. ஆனால் நீலக் கொடிவேலிப் பூ சந்தைக்குரியதன்று. மணமில்லை, பறித்தால் விரைவில் வாடும், பிசுபிசுப்பால் தொடுப்பதற்கும் உதவாது. மல்லிகையைப் பிடுங்கிவிட்டு இதை நடுவது அறியாமை. பருத்தி நிலத்தை இதற்கு ஒதுக்குவதும் வேண்டா.

வரவு உண்டெனில் நாற்றிலிருந்தே வரவேண்டும். 100 அடி நீள வேலிக்கு இரண்டரை அடி இடைவெளியில் 41 செடிகள் தேவை. சேதத்திற்குச் சேர்த்து 48 நாற்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. நாற்புறமும் நடுவதற்கு 334 செடி வேண்டும். அரை அடிக்கு ஒரு பை வீதம் அடுக்கினால் 100 சதுர அடிப் பந்தலில் 400 நாற்றுகளை வைக்கலாம். அதாவது, தறிக்கூடத்தின் பின்புறத்து முற்றமே போதும்.

பை, மணல், எரு, கீற்று, நீர், உழைப்பு ஆகியவற்றின் செலவைத் தனித்தனியே எழுதுக. உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் “எல்லாம் லாபம்” என்று மகிழ்வது வீட்டுப் பெண்டிரின் உழைப்பை விலையற்றதாக்குவதாகும். தறியில் பாவு ஓட்டும் நேரத்திற்கு என்ன கூலியோ அதே கூலியை நாற்றங்கால் நேரத்திற்கும் எழுதுக. அதன்பின் மிஞ்சினால் லாபம். மிஞ்சாவிடில் அழகு மட்டுமே. யார் வாங்குவார் என்று தெரிந்த பின்னரே 400 நாற்று ஊன்றுக. தெரியாவிடில் 40 போதும். பள்ளிகள், ஆலை வளாகங்கள், புதுமனை கட்டுவோர் ஆகியோரிடம் சங்கத்தின் வாயிலாகக் கேட்டறிவது தனித்தனியே அலைவதைவிட நன்று.

11. மலையை மறவோம்

நமக்கு மேற்கே உள்ள மலைக்காடு 1988ஆம் ஆண்டில் சாம்பல்நிற அணிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அங்கே சென்று காட்டுக் கொடிவேலி வேரைத் தோண்டுதல் சட்டப்படி குற்றம். தோண்டியவருக்குக் கிடைப்பது சொற்பம், மலை இழப்பதோ பெரிது.

இன்னொன்றும் கருதத்தக்கது. அழகுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி நாட்டின் காடுகளை மூடியது. விறகுக்கும் வேலிக்கும் வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களை நிரப்பியது. நீலக் கொடிவேலி அத்தகைய வேகமுடையதன்று. எனினும் சில அயல்நாடுகளில் தோட்டத்தைத் தாண்டி வெளியே பரவியிருக்கிறது. ஒட்டும் காய்கள் ஆட்டின் மயிரிலும் ஆடையிலும் பற்றிச் செல்லக்கூடியவை. ஆகவே கவாத்துக் கழிவை ஓடையிலோ மலையடிவாரத்திலோ கொட்டாமல், காயவைத்து எருக்குழியில் இடுக. காட்டை ஒட்டிய தோப்புகளில் இதனை நடாதிருத்தலே நன்று.

முடிவுரை

ஒரு செடியைப் பற்றி இத்தனை பேசினோம். செடி சிறிது, அதைப் பற்றிய அறியாமைக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையோ பெரிது. நீலக் கொடிவேலி தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அதன் பெயரில் மனிதர் பொய் சொன்னார், நாம் மெய் சொல்லாதிருந்தோம். இனி எந்தச் செடியாயினும், எந்த நூலாயினும், எந்த ஒப்பந்தமாயினும், ஒருவர் தனியே கையெழுத்திடுமுன் வட்டத்தில் வைத்து ஒருமுறை பேசுவோம். பேசிய பின் நடுவோம்.

படிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. மூன்று கொடிவேலிகளையும் பூங்கொத்தின் அமைப்பால் எவ்வாறு பிரித்தறிவீர்? வெண்பூத் தோட்ட வகையில் மயக்கம் வருவது ஏன்?

2. தை மாதத்தில் கவாத்துச் செய்வதன் காரணம் யாது?

3. உங்கள் வீட்டு வேலியின் நீளத்தை அளந்து, எத்தனை நாற்றுத் தேவை என்று கணக்கிடுக.

4. அவுரி நீலம் நிலைப்பதற்கும் பூநீலம் நிலையாமைக்கும் காரணங் கூறுக. இரு கிண்ணச் சோதனையைச் செய்து கண்டதை எழுதுக.

5. விளைபொருளைத் திரும்ப வாங்குவதாகச் சொல்லும் வியாபாரியிடம் எழுத்தில் பெறவேண்டிய உறுதிகள் எவை? வட்டத்தினர் கூடிப் பட்டியலிட்டு, சங்க அலுவலகத்தில் ஒட்டிவைக்க.

6. அண்டை வீட்டார் தவறான நாற்றை நட்டுவிட்டதாக அறிகிறீர். அவரிடம் எப்போது, எவ்வாறு சொல்வீர்?